வெர்முந்த் படுக்கையில் செத்தான்

படுக்கையிலா செத்தான், படுக்கையிலேயா, வைக்கோல் மெத்தையில் மல்லாந்து, இருமி இருமி, பெண்டாட்டி ஊட்டிய பார்லிக் கஞ்சி தாடியில் வழிய... காலையில் செய்தி வந்ததிலிருந்து அரசன் ஔதுனின் மண்டைக்குள் வேறு எதுவும் ஓடவில்லை, பதினாறு துடுப்புகளும் தண்ணீரில் விழுந்து எழும் சத்தம்கூடப் படுக்கையில், படுக்கையில் என்றே கேட்டது. முப்பத்தோரு வருஷம் ஆண்டாயிற்று, அத்தனை வருஷமும் இந்தக் கடற்கழியின் அக்கரையைப் பார்த்துத்தான் கண் விழித்தான், வெர்முந்தின் படகுக் கொட்டகைகளை மூன்று முறை கொளுத்தினான், அவனும் சும்மா இருந்தானா, இடது கையில் இரண்டு விரல் அவன் கொண்டுபோனதுதானே, குளிர்காலத்தில் இல்லாத அந்த விரல்கள் வலிக்கும்போதெல்லாம் இரு, இருடா, உன்னை என் கையால் என்று... இப்போது என்ன செய்வது? செத்தவனை எப்படிக் கொல்வது? ஏமாற்றிவிட்டான், திருட்டுப் பயல், கடைசியிலும் ஏமாற்றிவிட்டான். "ராசா, கொஞ்சம் உக்காருங்களேன், நீங்க நின்னா படகு ஆடுது," என்றான் சுக்கான் பிடித்த ப்ரூசி. இவன் ஒருவன், சிறு வயதிலிருந்து கூடவே வருகிறான், கோபம் வரும்போதெல்லாம் உட்காரச் சொல்வான். "ஆடட்டும்டா, நீ வாயை மூடிக்கிட்டு ஓட்டு!" உட்காரவில்லை. ஈம விருந்துக் கள்ளுக்கு வா, கோடாரி இல்லாமல் வா, இவ்வளவுதான் அஸ்னி அக்கா சொல்லியனுப்பியது. கூடப் பிறந்தவள், சமாதானத்துக்காக வெர்முந்துக்குக் கட்டிக் கொடுக்கப்பட்டவள், சமாதானம் போன பிறகும் அவனோடேயே இருந்துவிட்டவள். யாருக்கு அக்கா இவள்? அண்ணனைக் கொன்றவனுக்கு நான்கு பிள்ளை பெற்றாளே, எப்படி மனசு வந்தது...

அண்ணன் ஸ்டைனார்தான் அப்போது அரசன். கழி நடுவே இருக்கும் பாறைத் திட்டில் இரு தரப்பும் கூடினார்கள், கரை ஒதுங்கும் திமிங்கலம் யாருக்கு என்று பேசி முடிக்க, யாரும் உறையிலிருந்து இரும்பை உருவுவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு. வெர்முந்தின் ஆட்கள் சத்தியத்தை மீறினார்கள், அண்ணனை வெட்டினார்கள். மன்றத்தில் அப்படித்தான் சொன்னான் ஔதுன், பதினேழு வயது, சட்டை முழுக்க அண்ணனின் ரத்தம், சொல்லி முடிப்பதற்குள் அத்தனை பேரும் கேடயத்தைத் தட்டி இவனே எங்கள் அரசன் என்று கத்தினார்கள். அதன் பிறகு எத்தனை விருந்து, எத்தனை முறை, பாட்டுக்காரன் அதைப் பாடும்போதெல்லாம் கண்கூடக் கலங்கும்... ஆனால் அந்தச் சிரிப்பைப் பாட்டுக்காரன் பாடியதில்லை, அவனுக்குத் தெரியாது. வெர்முந்த் சிரித்தான். "இந்தக் குட்டிக்குப் பால்பல் விழுந்துடுச்சா, மீசையக் காணோமே?" என்றான், மச்சான் முறையில் கேலி, அவ்வளவுதான், அதற்கு ஸ்டைனாரும் சிரித்தான், அதுதான், அண்ணனும் சேர்ந்து சிரித்ததுதான்... கத்தி எப்படிக் கைக்கு வந்தது? யாரோ கோடாரியோடு பாய்ந்தார்கள், பாய மாட்டார்களா, கத்தியை உருவினால்? அண்ணன் குறுக்கே வந்தான். யார் அவனைக் குறுக்கே வரச் சொன்னது? சிரித்தவன் சிரித்துக்கொண்டே நின்றிருக்கலாமே!

கரையில் அஸ்னி நின்றிருந்தாள். தலை முழுக்க நரைத்து, முதுகு வளைந்து, யாரோ கிழவி என்றுதான் முதலில் நினைத்தான். "வா ஔதுன், ரொம்பக் கிழடாயிட்ட," என்றாள், பத்து நாள் முன்னால் பார்த்தவள் மாதிரி. அவளைத் தாண்டி நேரே போனான். மேட்டில் ஏற்றிய படகுக்குள் வெர்முந்தைக் கிடத்தியிருந்தார்கள், பக்கத்தில் வாள், காலடியில் அவனுடைய நாய். இவ்வளவு சின்ன ஆளா? கன்னம் ஒட்டி, மூக்கு மட்டும் துருத்திக்கொண்டு... எழுந்திருடா. எழுந்து ஒரு தடவை அடிடா என்னை. முஷ்டி மடங்கியது, குத்திவிடுவோமோ என்று பயந்து பின்னால் கட்டிக்கொண்டான்.

"அவன் ஏன் வாயே திறக்கல?" தன் வாயிலிருந்துதான் வந்தது, வேறு ஏதோ கேட்கத்தான் நினைத்தான். "நீயும் அன்னைக்குத் திட்டுலதான நின்ன. மன்றத்துல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"நான்தான் வேண்டாம்னேன். சொல்லியிருந்தா நம்மாளுங்களே உன்னை அன்னைக்கு வெட்டிப் போட்டிருப்பாங்க. ஒரே நாள்ல ரெண்டு பேரைப் பறிகொடுக்கச் சொல்றியா? சரின்னுட்டாரு. ஆனா உன் தம்பி படையோட வந்தா திருப்பி அடிப்பேன், அப்ப வந்து என்கிட்ட அழக் கூடாதுன்னாரு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நான் அழலடா. ரெண்டு பக்கமும் காயத்துக்குத் துணி கிழிச்ச மாதிரிதான் போச்சு என் காலம். இப்ப என் புள்ளைங்களை மன்றத்துல பேச விட மாட்டேங்கிறாங்க, சத்தியம் மீறினவன் பெத்ததுங்கன்னு. அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன். கள்ளுக் குடிக்க இல்ல."

பிச்சையா? அந்த ஆள் என் உயிரைப் பிச்சை போட்டானா, என் அரியணையையும் சேர்த்து? விரலை வெட்டிக்கொண்டே பிச்சை போட்டானா? கேட்டேனா நான்? படகுக்குத் திரும்பிப் போய்விடலாம், இப்போதே போய்விடலாம், யார் தடுப்பார்கள்... நான்கு ஆண்பிள்ளைகளும் எதிரே நின்றார்கள், மூத்தவனுக்கு அப்படியே ஸ்டைனாரின் நெற்றி, அதைப் பார்த்ததும் இன்னும் எரிந்தது, யாரோ அவன் கையில் கள் நிறைந்த கொம்பைத் திணித்தார்கள், செத்தவனைப் பற்றி விருந்தாளி பேச வேண்டும், கூடியிருந்த இருநூறு பேரும் அடங்கினார்கள். என்ன பேச? நல்ல பகைவன், நன்றாக அடித்தான் என்று சொல்லிக் குடித்துவிட்டால் போதும், அதில் ஒரு பொய்யும் இல்லை. அஸ்னி அவனைப் பார்க்கவில்லை, இறந்தவனின் காலில் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள், செத்த பிறகும் குளிருமா அவனுக்கு? "வெர்முந்த் சத்தியத்தை மீறல," என்றான், திட்டுவது போலத்தான் வந்தது, "அவன் ஆளுங்களும் மீறல. மொதல்ல கத்தியை உருவினது நான். போதுமா?" கொம்பிலிருந்து கள் மணிக்கட்டில் வழிந்தது. அவனோடு வந்த துடுப்புக்காரர்களில் இளையவர்கள் வாய் பிளந்து நின்றார்கள், ஒருவன் இடுப்பைத் தடவினான், கோடாரிதான் இல்லையே. வெட்டட்டும், யார் முதலில் வருகிறானோ வரட்டும் என்று ப்ரூசியைத் தேடினான் ஔதுன். திட்டுக்கு அன்றைக்கும் படகு ஓட்டி வந்தவன் ப்ரூசிதான்... அவன் அதிரவில்லை, நிமிரக்கூட இல்லை, குனிந்து தன் கோப்பைக்குள் விழுந்த ஈயை நிதானமாக விரலால் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான், அவனுக்குப் பக்கத்தில் நரைத்த இன்னும் இரண்டு துடுப்புக்காரர்கள் அதே மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு. அப்படியானால் இவனுக்கு அப்போதே தெரியும்... இவர்களுக்கும்? முப்பத்தோரு வருஷம் என் பின்னால் துடுப்புப் போட்டார்களே, எதற்கு?