முன்மாதிரிக் கோழிக்கூடு

கொழும்புப் பாதை பூட்டிய அன்று காலையில் என் மகன் கிறிஸ்ரி கோழிகளுக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தான். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரமும் பழைய பல் பிரஷும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கக்கத்தில் இடுக்கி, நகத்துக்கு இடையில் இருந்த சேற்றைக்கூட விடாமல் தேய்த்தான். படம் பிடிக்க ஆள் வருகிறது என்றும், சேற்றுக் காலோடு கோழி நின்றால் இங்கே சுகாதாரம் இல்லை என்று வெளிநாட்டில் நினைப்பார்கள் என்றும் தொண்டு நிறுவனத்தில் சொல்லியிருந்தார்கள்.

"அம்மா, இவைக்குச் சப்பாத்தும் வாங்கிப் போடுவமோ?"

"முதல் உன்ர காலைக் கழுவு," என்றேன்.

அது 2006 ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. அவன் முதல் நாளே கொழும்புக்குப் போயிருக்க வேண்டியவன்.

நாங்கள் கடற்கரை ஆட்கள். கிறிஸ்ரியின் தகப்பன் பேதுரு முல்லைத்தீவில் கடற்றொழில் செய்தவர். சுனாமி அவரையும் வள்ளத்தையும் வீட்டையும் ஒரே காலையில் கொண்டுபோனது. மிஞ்சிய எங்கள் இரண்டு பேருக்கும் தண்ணீரூற்றுப் பக்கம் ஒரு காணியும் கல்வீடும் கிடைத்தன. அதற்குப் பிறகுதான் நிறுவனம் வந்தது. கடல் ஆபத்தானது என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

அதன் உத்தியோகத்தர் பரமேஸ்வரன் நல்ல மனிதர். வாயைத் திறந்தால் நிலைபேறு என்பார். நிலைபேறான வாழ்வாதாரம், நிலைபேறான வீட்டுத்தோட்டம், நிலைபேறான மலசலகூடம். கடைசியில் ஊரில் அவருடைய பெயரே நிலைபேறு ஆகிவிட்டது. நிலைபேறு ஒட்டுசுட்டான் சந்தியில் பஞ்சராகி நிற்கிறாராம் என்று பிள்ளைகள் செய்தி கொண்டுவருவார்கள்.

மின்சாரத்தை வீணாக்கக் கூடாது என்று ஒரு நாள் வகுப்பு எடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் மின்கம்பங்கள் விழுந்து பதினைந்து வருடத்துக்கு மேல். ஆகவே நாங்கள் ஏற்கெனவே மிகச் சிறப்பாகச் சேமித்துக்கொண்டிருந்தோம். பொலித்தீனைத் தவிர்க்கச் சொல்லும் கையேட்டை ஆளுக்கொரு பொலித்தீன் பையில் போட்டுத் தந்தார்கள். நல்ல உறுதியான பை. கனகாலம் பாவித்தேன்.

இளைஞர்களுக்கென்று தனியாக ஒரு கழகம் தொடங்கிப் பச்சை மேற்சட்டையும் பச்சைத் தொப்பியும் கொடுத்தார்கள். முதல் பட்டறையின் தலைப்பு 'நான் யார்?' என்பது. எல்லோரும் ஒரு மரத்தை வரைந்து, வேரில் தன் பின்னணியையும் கிளையில் தன் கனவையும் எழுத வேண்டும். கிறிஸ்ரி ஒரு வள்ளத்தை வரைந்து, கீழே 'நான் மீன் பிடிக்கிறவன்' என்று எழுதிவிட்டுச் சும்மா இருந்தானாம்.

"தம்பி, மரமெல்லோ கீறச் சொன்னது?" என்றாராம் பரமேஸ்வரன்.

"மரத்திலைதான் ஐயா முந்தி வள்ளம் செய்யிறது."

"நீர் இப்ப கோழிப் பயனாளி. அதை எழுதும்."

மத்தியானம் வீட்டுக்கு வந்தவன் தொப்பியைக் கழற்றி ஆணியில் கொழுவினான். "அம்மா, நான் ஆரெண்டு கண்டுபிடிச்சுப் போட்டினம். கோழியாம்."

பயனாளிக் குடும்பத்துக்குப் பத்துக் கோழியும் ஒரு கூடும். கோழிகளை நிறுவனத்துக்கு விற்றவர் கச்சு முகம்மது நானா. சமாதான காலத்தில் புத்தளத்திலிருந்து திரும்பி வந்து தண்ணீரூற்றில் மறுபடி வியாபாரம் தொடங்கியவர். கூடு, கூடு என்று சொல்லும்படியான சின்னச் சாமான் இல்லை. சீமெந்துத் தூண், பலகைத் தட்டு, தகரக் கூரை, முகப்பில் நிறுவனத்தின் பெயர். கடற்கரையில் நாங்கள் இருந்த வீட்டைவிட அது உறுதி.

மூன்று மாதத்தில் ஊரில் பாதிக் கூடுகள் வெறுமையாகின. கழிச்சலில் போனது கொஞ்சம். மரநாய்க்குப் போனது கொஞ்சம். நத்தார்ப் பண்டிகைக்குப் போனதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் கோழிகள் மட்டும் குறையாமல் நின்றன. கிறிஸ்ரிக்கு அவற்றில் விருப்பமே இல்லை. அதனால்தானோ என்னவோ அவை செழித்தன.

முதலில் இரவல் கேட்டவள் பக்கத்து வீட்டு இரஞ்சிதம்.

"புனிதமக்கா, நாளைக்குப் பார்க்க வருகினமாம். உங்கட கோழியளை ஒருக்காத் தாங்கோவன். பின்னேரம் கொண்டந்து விடுறன்."

"உன்ர கோழியள் எங்கை?"

"எங்களுக்குள்ளைதான் இருக்குதுகள்," என்று வயிற்றைத் தட்டிக் காட்டினாள்.

அப்படித்தான் தொடங்கியது. பிறகு நிறுவனத்தின் வாகனம் எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊருக்கு எங்கள் கோழிகள் முன்னால் போயின. கிறிஸ்ரி அவற்றைக் காலில் கட்டி, சைக்கிள் ஹாண்டிலில் ஐந்தும் கரியரில் ஐந்துமாகத் தொங்கவிட்டுக்கொண்டு மிதிப்பான். தூர இடமென்றால் பெட்டியில் அடைத்து பஸ்ஸில் ஏற்றினான். பரமேஸ்வரனுக்கு இது தெரியும். தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும். ஒரு தடவை வழியில் கிறிஸ்ரியைக் கண்டு மோட்டார் சைக்கிளை மறித்து, "கெதியாப் போம் தம்பி, பார்க்க வந்தவை தேத்தண்ணி குடிச்சு முடியப் போகினம்," என்றாராம்.

கச்சு முகம்மது நானா இதைக் கேட்டு எங்கள் வாசல் படலையில் நின்று சிரித்தார். "பதின்மூண்டு வருசம் புத்தளத்திலை அகதியாக் கிடந்தனான் தங்கச்சி. நான்கூட இந்தக் கோழியள் மாதிரி அலையேல்லை."

இந்தப் பயணங்களால் கோழிகளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். பொழுதுபட்டால் அவை நிறுவனம் கட்டித் தந்த கூட்டுக்குள் போகாது. சுவரில் சாத்தியிருக்கும் சைக்கிளில் ஏறி, ஹாண்டிலிலும் பாரிலும் கரியரிலும் வரிசையாகக் குந்திக்கொள்ளும். அடுத்த களப் பார்வைக்கு ஆயத்தமாய் நிற்கின்றன என்பான் கிறிஸ்ரி. காலையில் சீற்றைத் துடைக்கும்போது மட்டும் அவனுக்கு அந்தப் பகிடி வராது.

வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மையார் வந்தது அந்த வருடம் வைகாசியில். மூன்றாவது வீட்டில் கழுத்து மொட்டைக் கோழி ஒன்றைக் கண்டு நின்றுவிட்டார். இதை முதல் வீட்டிலும் பார்த்தேனே என்று கேட்டார். பரமேஸ்வரனுக்கு வியர்த்தது.

"அது அக்கா, இது தங்கச்சி," என்றான் கிறிஸ்ரி.

அம்மையாருக்கு அவனைப் பிடித்துப் போயிற்று. ஐந்து வருடத்தில் இந்தக் கோழிகள் எங்கே இருக்கும் என்று அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"ஐஞ்சு வருசம் கோழி இராது. குஞ்சு இருக்கும். குஞ்சின்ர குஞ்சு இருக்கும். நாங்கள் இருப்பமோ தெரியாது."

கடைசி வசனத்தைப் பரமேஸ்வரன் மொழிபெயர்க்கவில்லை. முதல் மூன்றையும் கேட்டு அம்மையார் கண்கலங்கி, நிலைபேறு என்றால் இதுதான் என்று கூட வந்தவர்களுக்குச் சொன்னார். அந்த வார்த்தைக்குத்தான் கிறிஸ்ரி முன்மாதிரி இளைஞனாகத் தெரிவு செய்யப்பட்டான். கொழும்பில் மாநாடு. நிறுவனமே வாகனத்தில் கூட்டிக்கொண்டு போய்த் திருப்பிக் கொண்டுவரும்.

அந்தத் திருப்பிக் கொண்டுவரும் பகுதியில் எனக்கு விருப்பம் இருக்கவில்லை. நீர்கொழும்பில் என் தங்கச்சி கமலாசனி இருந்தாள். வன்னியிலிருந்து அவன் வயதுப் பிள்ளைகள் வெளியே போக இயக்கம் பாஸ் கொடுப்பது அபூர்வம். நிறுவனம் கேட்டதால் இவனுக்குக் கிடைத்தது. போனவன் மாநாட்டிலிருந்து நேரே சித்தி வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று ஒழுங்கு செய்துவிட்டேன். சண்டைக்கு வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் கேட்கத் தொடங்கியிருந்தது. எங்கள் வீட்டில் அதற்குப் பெரிய யோசனை தேவையில்லை. இருந்ததே ஒருவன்.

வியாழக்கிழமை விடியப் புறப்படுவதாக இருந்தது. புதன்கிழமை பரமேஸ்வரன் வந்தார்.

"அக்கா, சின்ன ஒரு மாற்றம். மாநாட்டிலை காட்டுறதுக்குப் படம் வேணுமாம். தம்பியும் கூடும் பத்துக் கோழியும். வெள்ளிக்கிழமை படம் எடுத்தால் சனிக்கிழமை போகலாம்."

"இண்டைக்கே எடுங்கோவன்."

"கோழியள் ஒட்டுசுட்டானிலையெல்லோ நிக்குதுகள். அங்கை இண்டைக்கு வேற ஆக்கள் பார்க்க வந்தவை."

நான் கட்டி வைத்த பையை உள்ளே எடுத்து வைத்தேன்.

"ரெண்டு நாள்தானே அக்கா," என்றார்.

வியாழக்கிழமை கிறிஸ்ரி கொழும்புக்குப் போக வேண்டிய நேரத்தில் ஒட்டுசுட்டானுக்குப் போய்க் கோழிகளைக் கொண்டுவந்தான். வெள்ளிக்கிழமை கால் கழுவினான். படம் நன்றாக வந்தது என்று சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. அன்று பின்னேரம் முகமாலைப் பக்கம் சண்டை தொடங்கியது. பாதை பூட்டப்பட்டது. சனிக்கிழமை காலையில் நானும் அவனும் பையைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலில் இருந்தோம். வாகனம் வரவில்லை. படத்தை மட்டும் வைத்து மாநாட்டை அங்கே நடத்தியிருப்பார்கள்.

ஒரே பிள்ளை என்றால் விட்டுவிடுவோம் என்று இயக்கம் முதலில் சொன்னது. பிறகு அதைச் சொல்வதை நிறுத்திவிட்டது. ஊரில் பெடியன்கள் பகலில் காணாமல் போய் இரவில் சாப்பிட வந்தார்கள். கலியாணம் கட்டியவர்களை விட்டுவிடுவார்கள் என்று பெட்டைகளுக்கு அவசர அவசரமாகக் கலியாணம் நடந்தது. பள்ளிக்கூடச் சட்டையோடு போன பிள்ளை அடுத்த கிழமை தாலியும் சேலையுமாகக் கிணற்றடியில் நின்றது. 'நான் யார்?' என்று அப்போது ஒரு பட்டறை வைத்திருந்தால் எல்லோரும் வேறு யாராவது ஒருவரின் பெயரை எழுதியிருப்பார்கள்.

கிறிஸ்ரி கோழிக்கூட்டுக்குக் கீழே குழி வெட்டினான். சீமெந்துத் தூண்களுக்கு நடுவே நல்ல வசதி. மேலே பலகை, பலகைக்கு மேல் எச்சமும் வைக்கோலும். ஒருவரும் கிளறிப் பார்க்க விரும்பாத இடம். ஒன்றரை வருடத்துக்கு மேல், தேட வரும்போதெல்லாம் அதற்குள் போய் இருந்தான். அந்த நிறுவனம் செய்த வேலைகளில் உண்மையாகவே ஒரு இளைஞனைத் தாங்கி நின்றது அந்தக் கூடுதான். இதை அறிக்கையில் எழுத அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

2008 ஆடியில் ஒரு நாள் பொழுதுபடுகிற நேரம் நான்கு பேர் வந்தார்கள். வீட்டுக்குள் பார்த்தார்கள், கிணற்றுக்குள் பார்த்தார்கள், அலுமாரியைத் திறந்து பார்த்தார்கள். போகிறதுக்குத் திரும்பிவிட்டார்கள். பொறுப்பாக வந்தவன் படலை வரை போய், சுவரில் சாத்தியிருந்த சைக்கிளைப் பார்த்து நின்றான்.

"ஏனம்மா கோழியெல்லாம் வெளியிலை குந்தியிருக்குது?"

"அது அப்பிடித்தான் தம்பி. எப்பவும் சைக்கிளிலைதான் படுக்கும்."

"இவ்வளவு பெரிய கூடு இருக்க?"

"அந்தக் கூட்டுக்குள்ளை ஒரு நாளும் போகாதுகள்."

அவன் சிரித்தான். "நானும் கோழி வளர்த்த வீட்டுப் பிள்ளைதான் அம்மா. கூட்டுக்குக் கீழை பாம்பு கிடந்தால் கோழி ஏறாது. இல்லையெண்டால் ஆள் கிடக்க வேணும்."

அந்தக் கோழிகளைப் பற்றி எத்தனையோ பேரிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் நம்பினார்கள், எழுதிக்கொண்டார்கள், நன்றி சொன்னார்கள். நான் சொன்ன ஒரே உண்மை அன்றைக்குச் சொன்னதுதான்.

பலகையைத் தூக்கினார்கள். கிறிஸ்ரி தலையில் வைக்கோலோடு எழுந்து நின்றான்.

"நீ ஆரடா?" என்று ஒருவன் கேட்டான்.

"நான் மீன் பிடிக்கிறவன்."

"பிறகேன் கோழிக்கூட்டுக்குக் கீழை?"

"அதை நிலைபேறிட்டைக் கேளுங்கோ," என்றான்.

அவர்களுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. என்னைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தான். முகம் கழுவ விடச் சொல்லிக் கேட்டேன். விட்டார்கள்.

2009 தையில், இடம்பெயர்ந்து போய் உடையார்கட்டில் ஒரு தறப்பாளுக்குக் கீழே இருந்தபோது, செய்தி சொல்ல ஒரு பெடியன் வந்தான். கிறிஸ்ரியைவிடச் சின்னவன். உடலைக் கொண்டுவர முடியவில்லை என்றான். புதைத்த இடத்தைச் சொன்னான். அடுத்த கிழமை அந்த இடம் சண்டைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. நாங்கள் இந்தப் பக்கமாக நடந்தோம்.

சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து தண்ணீரூற்றுக்குத் திரும்பி வந்தபோது கல்வீட்டுக்குக் கூரை இல்லை. கூடும் இல்லை. சீமெந்துத் தூண்கள் மட்டும் நின்றன. குழி மழைக்குத் தூர்ந்திருந்தது. இரஞ்சிதம் வரவில்லை. கச்சு முகம்மது நானா வந்திருந்தார். பரமேஸ்வரனும் வந்தார், வேறொரு நிறுவனத்தில். முந்திய நிறுவனம் அரசின் கட்டளைப்படி வன்னியை விட்டு வெளியேறியபோது, உள்ளூர்க்காரர் என்பதால் அவருக்குப் போக வழி இருக்கவில்லை. அவருடைய மகள் இப்போது இல்லை. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

"அக்கா, பத்துக் கோழி தருவினம். கூடும் வரும். மீள்குடியேறின ஆக்களுக்குச் சைக்கிள் ஒண்டும்," என்றார். நிலைபேறு என்று சொல்லவில்லை. அதை இப்போது புதிதாக வந்த பிள்ளைகள் சொல்கிறார்கள்.

சைக்கிளும் கோழிகளும் வந்தன. குஞ்சிலிருந்து வளர்த்தவை, எங்கும் பயணம் போகாதவை. யாரும் அவற்றை இரவல் கேட்டதில்லை. கூட்டைப் பழைய தூண்களின் மேலேயே கட்டினார்கள். கீழே மண்ணை நானே மிதித்து இறுக்கினேன்.

பொழுதுபட்டால் அவை சைக்கிளில்தான் ஏறுகின்றன.