டிரங்குப் பெட்டியில் வீட்

கணவன் ஆல்வன் இறந்த பிறகு கிளெண்டோரா பூசி முதன்முதலாக மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஆல்வன் மேல் அவளுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. செயின்ட் எலிசபெத் வட்டாரத்து வெயில் அப்படி. கறுப்புத் துணியோடு வெங்காயத்தாள் பாத்தியில் குனிந்தால் ரொட்டி அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. போதாததற்குச் சாயம் வியர்வையில் கரைந்து கழுத்தெல்லாம் கரி. "போதும் ஆல்வன், நீயே பாத்தா சிரிப்ப" என்று அவன் படத்திடம் சொல்லிவிட்டு, கறுப்புத் துணியையெல்லாம் அவனுடைய சாமான்கள் கிடந்த டிரங்குப் பெட்டியில் திணித்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

மஞ்சள் கவுனை இசில்டா பிரிசெட் டீச்சர் பார்த்துவிட்டார். கறுப்பு எங்கே என்று கேட்டு, டிரங்குப் பெட்டியில் என்ற பதிலையும் வாங்கிக்கொண்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. புதுச் சொல் ஒன்று கையருகில் கிடந்தாலும் அதைத் தாண்டிப்போய்ப் பழைய சொல்லைத்தான் எடுப்பார். மறுநாள் கடையில் உப்புக் கருவாடு வாங்கும்போது நாலு பேர் காதில் விழும்படி சொன்னார்.

"கிளெண்டோரா அவ வீட்ஸ எல்லாம் ஒளிச்சு வெச்சிருக்கா! டிரங்குப் பெட்டி நிறைய! ஆல்வன் போய் ஒரு வருஷம்கூட ஆகல. வெளிய எடுக்கச் சொல்லணும்."

கணவனை இழந்தவள் உடுத்தும் துக்க உடைக்குப் பழைய ஆங்கிலத்தில் வீட்ஸ் என்று பெயர். கடையில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை வீட் என்றால் ஒன்று தோட்டத்துக் களை, இல்லாவிட்டால் கஞ்சா. களையை யாரும் பெட்டியில் வைத்துப் பூட்டுவதில்லை. ஆகவே ஒரு முடிவுக்குத்தான் வர முடிந்தது.

மறுநாள் காலை கார்ப்பரல் யுரையா கெய்ல் ஒரு கான்ஸ்டபிளோடு கிளெண்டோராவின் வாசலில் வந்து நின்றார். பதவி உயர்வுக்காக ரொம்ப நாளாக ஒரு நல்ல வழக்கைத் தேடிக்கொண்டிருந்த மனிதர்.

"மிஸ் பூசி, உங்ககிட்ட வீட் இருக்காமே?"

கிளெண்டோராவுக்கு அவமானமாகிவிட்டது. ஆல்வன் போனதிலிருந்து பாத்தியெல்லாம் களை மண்டிக் கிடந்தது. ஊர் பேசும் என்று தெரியும், போலீஸ் வரைக்கும் போகும் என்று அவள் நினைக்கவில்லை.

"இருக்கு கார்ப்பரல். மறைக்க என்ன இருக்கு? எக்கச்சக்கமா இருக்கு. ஆல்வன் இருந்தவரைக்கும் அவருதான் பாத்துக்கிட்டாரு."

"ஆல்வனுமா?"

"விடிஞ்சா அதே வேலைதான். இப்ப என் ஒருத்தியால முடியல. ஒரு மழை பெஞ்சாப் போதும், கொழுகொழுன்னு வந்துடுது. நீங்களே அள்ளிக்கிட்டுப் போனாக்கூட நல்லாயிருப்பீங்க."

கான்ஸ்டபிள் கார்ப்பரலின் காதைக் கடித்தான். "சார், இவ்வளவு அழகா ஒத்துக்கிட்ட ஆள நான் பாத்ததே இல்ல."

"அப்ப டிரங்குப் பெட்டியில இருக்கறது?"

"டிரங்குல என் கறுப்புத் துணிதானே இருக்கு?"

"இப்பத்தானே வீட் இருக்குன்னீங்க?"

"அது அந்தா, பாத்தியில!" என்று அவள் கை நீட்டினாள். இடுப்பளவு புல் காற்றில் ஆடியது. "பெட்டியில களை இருக்குன்னு எந்தப் பைத்தியம் உங்ககிட்ட சொல்லிச்சு?"

"அந்தப் பைத்தியம் நான்தான்" என்றது வேலிப்பக்கம் ஒரு குரல். போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டு பிரிசெட் டீச்சர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்திருந்தார். பின்னால் கடையே திரண்டு வந்திருந்தது.

"கெய்ல்! தொப்பிய எடு."

கார்ப்பரல் சட்டென்று தொப்பியைக் கழற்றினார். ஆரம்பப் பள்ளியில் அந்த அம்மாளிடம் பிரம்படி வாங்கிய உள்ளங்கை அவருடையது.

"களைங்கற வீட் ஒரு சொல்லு. பழைய இங்கிலீஷ்ல வேயோட்னு இருந்தது. துக்கத்துணிங்கற வீட் வேற சொல்லு. அது வேட். வேட்னா உடுப்பு. ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. காலப்போக்குல ரெண்டும் தேஞ்சு ஒரே மாதிரி ஆயிடுச்சு. உங்க வகுப்புல ரெண்டு கெய்ல் இருந்தீங்களே, ஒருத்தன் பண்ணுன தப்புக்கு இன்னொருத்தன் அடி வாங்குனானே, அதுமாதிரி."

"வாங்குனது நான்தான் டீச்சர்" என்றார் கார்ப்பரல் மெதுவாக. "அப்ப கஞ்சாவுக்கு?"

"அது முதல் சொல்லோட பட்டப்பேரு. நேத்து வந்தது. போ, பெட்டியத் திற. கறுப்புத் துணிதான் இருக்கும்."

கட்டிலுக்கடியிலிருந்த பெட்டியை வாசலுக்கு இழுத்துவந்து திறந்தார்கள். கறுப்புத் துணிதான் இருந்தது. கான்ஸ்டபிள் அதைத் தூக்கியதும் அடியில் ஆல்வனின் சாமான்களுக்கு நடுவே ஒரு ரம் பாட்டில் உருண்டது. உள்ளே வெள்ளை ரம்மில் பச்சை இலைகள் ஊறிக் கிடந்தன. கார்ப்பரல் மூடியைத் திருகி முகர்ந்தார். முகம் மலர்ந்தது.

"டீச்சர், இது எந்த வீட்?"

டீச்சர் கைத்தடியை இறுகப் பிடித்துக்கொண்டு பாட்டிலையே பார்த்தார். கிளெண்டோராவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. டீச்சரின் முழங்கால் வலிக்குத் தேய்க்க ஆல்வன் ஊறப்போட்டு வைத்த பாட்டில். கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் அவன் போய்விட்டான். அவள் டீச்சரைப் பார்த்தாள். சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் நாக்கு துடித்தது. மஞ்சள் கவுனுக்காகக் கடையில் தன் மானத்தை வாங்கியவர்தானே! ஆனால் அந்த முழங்காலோடு கைத்தடி ஊன்றி இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்று நினைத்ததும் மனசு கேட்கவில்லை.

"என்னுதுதான் கார்ப்பரல். என் முழங்காலுக்கு."

"பொய் சொல்லாத கிளெண்டோரா!" என்று சீறினார் டீச்சர். "உன் முழங்காலுக்கு என்ன கேடு? ஆடு மாதிரி ஏறி இறங்குற. கெய்ல், அது எனக்காகப் போட்டது. இந்தா, விலங்கு மாட்டு."

"டீச்சர், நான்தான் சொல்றேன்ல..."

"குறுக்க பேசாத!"

கார்ப்பரல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பதவி உயர்வு கைக்கெட்டும் தூரத்தில் நின்றது, மூட்டுவலியோடு. இன்னொரு முறை பாட்டிலை முகர்ந்தார். அவர் வீட்டில் அம்மா படுக்கும் அறையிலும் தினம் இதே வாசனைதான்.

"வீட்ஸ் தேடி வந்தோம். வீட்ஸ் கிடைச்சது. கறுப்புக் கலர், துணி. வழக்கு முடிஞ்சுது" என்று உரக்கச் சொல்லி மூடியை இறுக்கி, பாட்டிலைத் துணிக்கடியில் வைத்தார்.

கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்தது. கார்ப்பரலும் கான்ஸ்டபிளும் இன்னும் வாசலில்தான் நின்றார்கள். டீச்சர் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். கிளெண்டோரா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"மஞ்சள் உனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார் டீச்சர், அவள் முகத்தைப் பாராமல். "அந்தப் பாட்டில் எத்தன நாள் வரும்? ஆல்வன் எப்படிப் போடுவான்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எங்க தெரியும் டீச்சர்?"

"ரம்முல இலையோட பிமென்டோ மிளகு ஒரு கை தட்டிப் போடணும் டீச்சர். அப்பத்தான் சூடு எலும்பு வரைக்கும் இறங்கும்" என்றான் கான்ஸ்டபிள்.

மூன்று பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.