கட்டலீனாவின் சிவப்புப் பொட்டு

இதனால் சகலருக்கும் அறியத் தருவதாவது: மத்திய மலைநாட்டு மாதிரி விமானக் கலைஞர் பேரவையின் பெருமையும் பொக்கிஷமுமான கட்டலீனா கடல் விமானம், கடந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் கண்டி மஹய்யாவ வான்பரப்பில் எதிரியால் கைப்பற்றப்பட்டு, கூரை உயரத்திலிருந்து வீழ்த்தப்பட்டது. விமானத்தின் நீளம் ஒரு முழம். எதிரி ஒரு குரங்கு.

பேரவை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். உறுப்பினர்கள் நாலு பேர். தலைவர் தியாகராஜா, காப்புறுதிக் கம்பனியில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கட்டலீனாவைத் தம் கையால் பெற்றெடுத்த பிள்ளை என்றுதான் யாருக்கும் அறிமுகப்படுத்துவார். மற்றவர்கள் கொண்டுவரும் விமானங்களில் குற்றம் கண்டுபிடிப்பது அவர் வேலை. நீங்கள் ஏன் சேர் இன்னொன்று செய்வதில்லை என்று கேட்டால், "உச்சிக்கு ஏறினவன் எதுக்குத் திரும்ப ஏறணும்?" என்பார்.

செயலாளர் கிருஷ்ணராஜ், மாநகரசபையின் தண்ணீர்ப் பகுதியில் கிளார்க். வீட்டில் அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை. அலுவலகத்தில் கேட்க வருபவர்கள் தண்ணீர் வராதவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும், தலைவர் வீட்டு முன்னறையில், மனிதர்கள் அவர் சொல்வதைத் தலையாட்டிக் கேட்பார்கள். அந்தச் செயலாளர் கதிரைக்காகவே மிச்ச நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். பசை விரலால் கட்டலீனாவைத் தொட்டதற்காகப் போன வருடம் ஓர் உறுப்பினரைத் தலைவர் பேரவையை விட்டே நீக்கியிருந்தார். தொட்டதற்கே அது என்றால் உடைத்ததற்கு என்ன?

ஞாயிற்றுக்கிழமை டவுன் மண்டபத்தில் கண்காட்சி. கிருஷ்ணராஜின் வீடு பக்கம் என்பதால் விமானம் அவர் பொறுப்பில் வந்தது. வந்த பொருளை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். விமானமும் தானும் போனில் ஒரே படத்தில் விழ வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னலைத் திறந்தார். கண்டியில் பிறந்த எவனும் கூரையைப் பார்க்காமல் ஜன்னல் திறக்க மாட்டான். ஆனால் அவர் அப்போது தம் முகத்தையல்லவா பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை மற்ற இருவரும் வந்து சேர்ந்தார்கள். திகனயில் போன் கடை வைத்திருக்கும் நஸீப், சப்பாத்துப் பெட்டிக்குள் கிடந்த துண்டுகளை எட்டிப் பார்த்தார்.

"ஜனாஸாவா, ஆஸ்பத்திரிக் கேஸா, அண்ணே?"

"வெளையாடாதீங்க நஸீப் நானா. நாளைக்குக் காலையில அவரு வந்து நிப்பாரு."

கம்பளையில் கணிதம் படிப்பிக்கும் யசோதினி கைப்பையிலிருந்து பசையையும் பித்தளைக் கம்பியையும் எடுத்து வைத்தாள். "இதத் தொடக் கூடாதுன்னு குரங்குக்கு நீங்க சொல்லலியா?"

அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது. முறிந்த இறக்கைக்குள் ஊசித் துளை போட்டுக் கம்பியைச் செருகி ஒட்டினார்கள். வெடிப்பைப் பட்டி வைத்து அடைத்து, காய்ந்ததும் தேய்த்தார்கள். வால் நேரானது. ஒரு விசிறி மட்டும் குரங்கோடு போய்விட்டிருந்தது. நஸீப் பெருமூச்சு விட்டு, தம் பையிலிருந்து பொலித்தீன் கூடப் பிரிக்காத ஒரு பெட்டியை எடுத்தார். அதே கட்டலீனா, அதே அளவு. பெட்டியை வாங்கித் திறக்காமல் வைத்திருப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் முக்கால்வாசி.

"என்ட மவுத்துக்குப் பொறகு தொறக்க வச்சீந்தது," என்றார், கத்தரிக்கோலை வைத்தபடி.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் வெடிப்பு, இறக்கையின் வட்ட அடையாளத்துக்கு நடுவாகப் போயிருந்தது. நீல வட்டம், வெள்ளை வட்டம், நடுவில் சிவப்புப் பொட்டு. அதைத் திரும்பத் தீட்ட வேண்டும். யசோதினி தூரிகையைத் தூக்கிய கையோடு நின்றுவிட்டாள்.

"இந்தச் சிவப்பு பிழைண்ணே. ரெண்டாம் உலக யுத்தக் காலத்துல நம்ம பக்கத்து விமானங்கள்ல சிவப்ப எடுத்துட்டாங்க. ஜப்பான்காரன் அடையாளமும் சிவப்புதானே. பார்த்துக் கொழம்பி, சொந்த விமானத்தையே சுட்டுருவாங்கன்னு."

"சரி. பிழையாவே போடுங்க."

"தெரிஞ்சுக்கிட்டே எப்படிப் போடுறது?"

"தெரியாத மாதிரிப் போடுங்க தங்கச்சி. ஒங்களக் கும்பிடுறேன்."

"சிவப்பு ஈக்கேலா, அண்ணே," என்று நஸீபும் அவள் பக்கம் சேர்ந்தார். மனைவி முன்பல்லை மாற்றிக் கட்டியதை மூன்று மாதம் கவனிக்காத மனிதர் அவர்.

கிருஷ்ணராஜ் தேத்தண்ணி போட உள்ளே போனார். திரும்பி வந்தபோது, உடைந்த இறக்கையில் மட்டுமல்ல, உடையாத இறக்கையிலும் சிவப்பு இல்லை. இருவரும் கோயிலில் நிற்பவர்களைப் போல நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு காலை மண்டபத்துக்குத் தலைவர் கோட் போட்டுக்கொண்டு வந்தார், பின்னால் மனைவி வடிவம்மா. பிரதம விருந்தினரை நேரே கட்டலீனாவிடம் அழைத்துப் போனார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"கிருஷ்ணராஜ். கொஞ்சம் இங்க வாங்க."

கிருஷ்ணராஜ் போனார்.

"இந்த வட்டத்த ஐயாவுக்குக் காட்டுங்க. சிவப்பு இருக்குதா?"

"இல்லீங்க சேர்."

"இருக்காது." தலைவர் விருந்தினர் பக்கம் திரும்பினார். "எல்லாரும் சிவப்ப வச்சிருவாங்க. நான் ஆராய்ச்சி பண்ணி, அந்தக் காலத்துலயே வைக்காம விட்டேன்."

கிருஷ்ணராஜுக்குப் பசித்தது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகு அவருக்கு இப்போதுதான் பசித்தது. கூட்டத்துக்கு அப்பால் யசோதினி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நஸீப் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதிரை பிழைத்தது. அடுத்த மாத ஞாயிறும் அவர் பேசுவார், இவர்கள் கேட்பார்கள். உலகம் நல்ல உலகம் என்று தோன்றியது. தட்டிலிருந்து ஒரு பற்றிஸை எடுத்துக் கடித்தார்.

வடிவம்மா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஏன் தம்பி, கொழும்புக் கடையில இத வாங்கயில நடுவுல சிவப்பா ஒரு பொட்டு இருந்திச்சே. நான்தானே பஸ்ஸுல மடியில வச்சிக்கிட்டு வந்தேன்."

தியாகராஜா தம் வாழ்நாளில் ஒரு விமானமும் செய்ததில்லை.