ரோமர் கோப்பையில் தீபாவளி

"என் பாஸ்போர்ட்டைக் குடுங்க சார்."

இதை மட்டும் வாயைத் திறந்து கேட்டுவிடாதே என்று ரோலா பகுதியில் உடன் குடியிருக்கும் அண்ணன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். கம்பெனிப் பெட்டகத்தில்தான் எல்லார் பாஸ்போர்ட்டும் கிடக்கும். இந்த ஊர் வழக்கம் அது. பிரபாவதி கேட்டே விட்டாள். புது ஹோட்டலில் வேலை தருவதாக ஜெர்மன்காரி ஹெல்கா சொல்லி, விசா தந்த முதலாளியான கஃபீலிடமும் பேசி முடித்தாயிற்று. பாஸ்போர்ட்தான் பாக்கி.

அவள் வேலை பார்க்கும் துபாய்க் கண்ணாடிப் பாத்திரக் கடையின் மானேஜர் சீதாராமன் தீக்குச்சியை உதறி அணைத்தார். "தீபாவளியும் அதுவுமா என்ன பேச்சு இது? யாரு கிளப்பி விட்டா?"

"எங்க வம்சத்துலயே முதல் பி.ஏ. நான். கிளப்பி விட ஆள் வேண்டாம். அது கெடக்கட்டும், ஒயின் கிளாஸ்ல எதுக்கு சார் எண்ணெய் ஊத்தினீங்க?"

ஹெல்காவின் ஹோட்டலுக்கென்று வந்த கோப்பைகள் மேசை நிறைய நின்றன. குண்டு வாய், வளையம் வளையமாய் இழை சுற்றிய தடித்த பச்சைத் தண்டு. ஒவ்வொன்றிலும் திரி மிதந்து எரிந்தது.

குடியின் வாசனையே அறியாத மனிதர் ஆடிப்போனார். "வெளிநாட்டு விளக்குன்னுல்ல நெனச்சேன். அந்தம்மா இப்ப வந்துருவாளே. விளக்குன்னே சாதிச்சுரும்மா."

"பொய் சொல்ல மாட்டேன்."

ஹெல்கா வந்ததும் பிரபாவதி உள்ளதை உள்ளபடி போட்டு உடைத்தாள். சுவரெங்கும் ஆடிய பச்சை வெளிச்சத்தைப் பார்த்து ஹெல்கா வயிறு குலுங்கச் சிரித்தாள். ரோமருக்கு இப்படியொரு மரியாதை எங்கள் நாட்டில்கூட நடந்ததில்லை, அணைக்காதீர்கள் என்றாள்.

"ரோமர்னா?" சீதாராமனுக்கு மூச்சு திரும்பியது.

ஹெல்கா சொல்லச் சொல்லப் பிரபாவதி தமிழில் சொன்னாள். "இந்த ஒயின் கோப்பையோட பேரு சார். ரோமாபுரிக் கண்ணாடியால வந்த பேருன்னு சிலர் சொல்றாங்களாம். புகழ்றதுக்கு டச்சுல இருக்கற வார்த்தைதான் அதுன்னு சிலர். இதைத் தூக்கிப் பிடிச்சு ஒருத்தரை ஒருத்தர் புகழ்வாங்களாம். எது நெசம்னு முடிவாகலையாம். நீங்க என்னைக்காவது என்னைப் புகழ்ந்திருக்கீங்களா சார்?"

சீதாராமன் பெட்டியில் மிச்சமிருந்த ஒரு கோப்பையில் பூஜைப் பாயசத்தை ஊற்றி உயர்த்தினார். "இந்தக் கடையில முதுகெலும்புள்ள ஒரே ஆள் நீதான். நாக்குதான் ஒரு முழம்."

பிறகு பெட்டகத்தைத் திறந்து பாஸ்போர்ட்டை நீட்டினார். "நல்லா யோசிச்சு..."

"யோசிச்சாச்சு சார்."

கோப்பையை வாங்கி ஒரே மூச்சில் குடித்து வைத்தாள். உதட்டோரத்துப் பாயசத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே வெயிலுக்குள் இறங்கி நடந்தாள்.