பிரேக்கில் காற்று

வெர்னான் முன்பக்கத்து ஸ்டாண்டு இரண்டையும் இழுத்துப் போட்டுவிட்டு, ஜாக்கியின் பிடியைத் திருகிக் காரை இறக்கத் தொடங்கியபோது மார்லிஸ் ஷெட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். சர்ச்சுக்கு உடுத்திய கறுப்பு கவுன், அதற்குமேல் செத்துப்போன புருஷனின் கம்பளிக் கோட்டு.

"நிறுத்து வெர்ன். இறக்காத."

"எல்லாம் முடிஞ்சுது அண்ணி. நேத்தே வந்து நாலு சக்கரத்தையும் மாட்டிட்டேன். அண்ணன் மத்ததெல்லாம் முடிச்சுத்தான் வெச்சிருந்தான்."

"முடிச்சான்னு யார் சொன்னா?"

"பாத்தாலே தெரியுதே. புதுக் குழாய் போட்டிருக்கான், முறுக்கியிருக்கான். இன்னும் என்ன?"

ஷெட்டின் கணப்பு அடுப்போரமாக ஜோலீன் கையில் சாவியோடு நின்றாள். கார் அவளுடையது. தெருவில் நாலு வீடு தள்ளி இருக்கிறாள். அவள் கணவன் ஆர்ட்டுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள், நாற்பது மைல் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். போன வாரம், பனி கரையச் சாலையில் தூவும் உப்பு தின்ற பிரேக் குழாய் வெடித்து, அவள் வாசலிலேயே எண்ணெய் முழுக்கக் கொட்டியது. சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள் என்று மார்லிஸின் புருஷன் ராய்னோ சொல்லியிருந்தான். புதன்கிழமை சாயங்காலம், இதே காரின் முன்சக்கரத்துப் பக்கம், கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்தபடி செத்துப்போயிருந்தான். இதயம். கையில் துடைக்கும் துணி இருந்தது.

இன்று சனிக்கிழமை. காலையில் சர்ச் முடிந்தது. தரை இரும்பாக உறைந்திருப்பதால் குழி கிடையாது. மே மாதம்வரை சவப்பெட்டி கல்லறைத் தோட்டத்துக் கற்கட்டு அறையில் மற்றப் பெட்டிகளோடு இருக்கும். வீட்டுக்குள் ஊர்சனம் பன்றித்தொடையும் ஏலக்காய் ரொட்டியும் தின்றுகொண்டிருந்தது. ஆர்ட்டும் அங்கேதான் அரைக் கோப்பைக் காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அதற்குமேல் குடிக்க அனுமதி இல்லை. நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் அவன் முறை.

"காத்து எடுக்கல" என்றாள் மார்லிஸ்.

"அண்ணி..."

"குழாய் மாத்தினா உள்ள காத்து நிக்கும். காத்து நின்னா வண்டி நிக்காது. எடுக்கல."

"எடுக்கலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க அப்ப வீட்டுக்குள்ளதான இருந்தீங்க?"

"என்னக் கூப்பிடல."

வெர்னான் ஜாக்கியின் பிடியை விட்டான்.

அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் கீழே படுத்துச் சக்கரத்துக்குப் பின்னாலிருக்கும் சின்னத் திருகைத் திறந்து மூட, ஒருத்தர் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க. கல்யாணமான முதல் குளிர்காலத்திலிருந்து மேலே உட்கார்ந்தது மார்லிஸ்தான். புதன்கிழமை ராய்னோ சாப்பிட்டு எழுந்து, "கொஞ்ச நேரத்துல கூப்பிடறேன், பூட்ஸு போட்டு வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் போட்டுக்கொண்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

வெர்னான் ஜாக்கியை ஏற்றி ஸ்டாண்டுகளைத் திரும்ப வைத்தான். காருக்குள் ஏறி மிதித்தான். பிரேக் மிதிகட்டை எதிர்ப்பே இல்லாமல் தரையைத் தொட்டது. மறுபடி மறுபடி வேகமாக மிதித்தான். மெல்ல மேலே ஏறியது.

"பாருங்க. ஏறிடுச்சு. குளிருக்குக் கொஞ்சம் மந்தமா இருந்திருக்கும்."

"கால எடு. கொஞ்சம் பொறு. இப்ப மிதி."

மிதித்தான். தரை.

"இந்தத் தெரு எங்க போய் முடியுதுன்னு தெரியும்ல?" என்றாள் மார்லிஸ்.

எல்லோருக்கும் தெரியும். தெரு கூரைச் சரிவுபோல் நேராகக் கால்வாயை நோக்கி இறங்கி நெடுஞ்சாலையில் முட்டும். அந்த முக்கில் 'நில்' பலகை. குறுக்கே நாள் முழுக்க மரம் ஏற்றிய லாரிகள் போகும். அப்படி ஒரு லாரியைத்தான் வெர்னானே ஓட்டுகிறான். திங்கட்கிழமை தெற்கே கிளம்பினால் பனி இளகும்வரை வரமாட்டான். வியாழக்கிழமை ஆர்ட்டைத் தன் பிக்கப்பில் கொண்டுபோனவனும் அவன்தான்.

ஜோலீன் சாவியைக் கோட்டுப் பைக்குள் போட்டாள். "விட்டுடு மார்லிஸ். இன்னிக்கு வேணாம். இப்பதான் ராய்னோவ அங்க விட்டுட்டு வந்திருக்கோம். நான் டவுன்ல குடுத்துக்கறேன்."

"டவுன்ல எப்ப எடுப்பானாம்?"

"ரெண்டு வாரம் ஆகும்னான்."

"அதுவரைக்கும் ஆர்ட்டோட ரத்தத்த எங்க கழுவப் போற? பாத்திரம் கழுவற தொட்டிலயா?"

ஜோலீன் சிரித்துவிட்டாள். பிறகு, சிரித்ததற்கு வெட்கப்பட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சக்கரத்தக் கழட்டு வெர்ன்."

"நாலுமா?"

"நாலும்."

"கழுத்துல டையோட மனுஷன் செய்யற வேலையா இது..."

"டைய அவுத்துட்டுச் செய்."

மார்லிஸ் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, ராய்னோவின் எண்ணெய் ஊறிய ஓவராலைக் கவுனுக்கு மேலேயே ஏற்றிக்கொண்டாள். கால் பகுதியை மூன்று மடிப்பு மடிக்க வேண்டியிருந்தது.

ராய்னோ பேச்சுக்காரன் இல்லை. பிறந்தநாளை மறப்பான். பல்லுக்கு வைத்தியம் பார்க்கச் சொன்னால் வருஷக்கணக்கில் இழுப்பான். கவுண்டி அரசாங்கத்துக்காகச் சாலைப் பனி தள்ளும் லாரி ஓட்டினான். விடியுமுன் கிளம்பிச் சாலையெல்லாம் உப்புத் தூவிவிட்டு, சாயங்காலம் வந்து அந்த உப்பு அரித்த கார்களைச் சரிசெய்வான். "காலைல வண்டியக் கெடுப்பான், ராத்திரி கட்டுப் போடுவான், எங்க அண்ணன் நல்லா பொழைக்கத் தெரிஞ்சவன்" என்று வெர்னான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிவான். பிழைக்கத் தெரிந்தவன் ஒருவரிடமும் எதுவும் வாங்கியதில்லை. மூச்சு விட்டால் மீசையில் உறையும் குளிரில், ஸ்பேனர்களை அடுப்பின்மேல் வரிசையாக வைத்துச் சூடாக்கி, ஒன்று கையில் ஆற ஆற இன்னொன்றை எடுப்பான். இறுகிப்போன போல்ட்டை முந்தின நாளே எண்ணெயில் ஊற வைத்து, மறுநாள் மெதுவாக, அதனோடு பேசிக்கொண்டு கழற்றுவான். மனிதர்களிடம் பேசாத பேச்செல்லாம் அதனிடம்தான். இந்த மலையில் பாதிக் கார்கள் அவன் கைபட்டு ஓடுபவை. அவனிடமிருந்து போன வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்ததாக ஒருவரும் சொன்னதில்லை.

"எங்க ஆரம்பிக்கறது?" என்றான் வெர்னான். "முன்னாலதான? பக்கத்துல இருக்கறது அதுதான்."

"வலது பக்கம் பின்னால."

"நிச்சயமாவா?"

"முதல்ல அவன் குரல் அங்கேர்ந்துதான் வரும். அப்புறம் இடது பக்கம் பின்னால. அப்புறம் வலது பக்கம் முன்னால. கடைசில என் காலுக்குக் கீழேர்ந்து பேசுவான்."

அவள் அட்டையைத் தரையில் விரித்துப் படுத்து உள்ளே நகர்ந்தாள். கண்ணாடி ஜாடி, அதில் விடும் ஒல்லியான டியூப், ஸ்பேனர் எல்லாம் அந்தச் சக்கரத்துப் பக்கமே தயாராக இருந்தன. வெர்னான் கைவிளக்கை அச்சில் மாட்டிவிட்டுக் காருக்குள் ஏறினான்.

விளக்கு வெளிச்சத்தில் மார்லிஸ் அண்ணாந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு காருக்கு அடியிலும் படுத்ததில்லை.

அடிப்பக்கம் முழுக்கத் துரு. ஏரியடியில் கிடந்து எடுத்ததுபோல் இருந்தது. அந்தத் துருவுக்கு நடுவே புதுக் குழாய்கள் இரண்டு முன்னாலிருந்து பின்னால்வரை ஓடின. வளைத்துத் தயாராக விற்பதில்லை. நேராக வாங்கி முழங்காலில் வைத்துக் கையால் வளைத்திருக்கிறான். ஒன்று வளைகிற இடத்தில் மற்றதும் அதே அளவு வளைந்தது. இரண்டுக்கும் இடையே விட்ட இடைவெளி எங்கும் மாறவில்லை. சூடாகும் புகைக்குழாயின் பக்கம் வரும்போது இரண்டும் சேர்ந்து விலகி, தாண்டியதும் சேர்ந்து பழைய பாதைக்கு வந்தன. பழைய பிடிப்புகள் உதிர்ந்த இடத்திலெல்லாம் புதியவை போட்டு, ஒவ்வொன்றிலும் விரலால் கிரீஸ் தடவியிருந்தான். கிரீஸில் ரேகை தெரிந்தது.

இதை யார் பார்க்கப் போகிறார்கள்? ஜோலீன் பார்க்க மாட்டாள். ஆர்ட் பார்க்க மாட்டான். நாலைந்து வருஷத்தில் காரே பழைய இரும்புக்குப் போய்விடும்.

"அண்ணி? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. விளக்குல கண்ணு கூசுது."

டியூபை மாட்டி, ஸ்பேனரைத் திருகில் வைத்தாள். "மிதி. மிதி. மிதி. பிடி."

"பிடிச்சிருக்கேன்."

திருப்பினாள். அசையவில்லை.

"அந்தப் பக்கம் இல்ல அண்ணி, இடது பக்கம்."

"எனக்குத் தெரியும்."

தெரியாது. அண்ணாந்து படுத்தால் இடதும் வலதும் மாறிப்போகிறது. மறுபக்கம் திருப்பினாள். திருகு சட்டென்று நெகிழ்ந்து, டியூபுக்குள் குமிழி குமிழியாக எண்ணெய் ஓடியது. மேலே மிதிகட்டை தரைக்குப் போகும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் தெரியும். மூடினாள்.

"விடு. மிதி. மிதி. பிடி."

"பிடிச்சிருக்கேன்."

குமிழிகள் குறைந்தன. மறுபடியும். மறுபடியும். கடைசியில் ஒரே சீரான எண்ணெய். "ஜோலீன், மேல எஞ்சின் பக்கத்து டப்பால எண்ணெய் பாரு. பாதிக்குக் கீழ போகவிட்டா எல்லாம் வீண், முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்." ஜோலீன் ஓடிப்போய் ஊற்றினாள், கொஞ்சம் கீழே சிந்தினாள், சிந்தியதைத் தன் நல்ல கைக்குட்டையால் துடைத்தாள்.

இடது பக்கம் பின்னால் முடிந்தது. வலது பக்கம் முன்னால் பாதியில் இருக்கும்போது, திருகு திறந்திருக்கையிலேயே டியூபிலிருந்த எண்ணெய் விசுக்கென்று உள்ளே திரும்பிப் போனது. பின்னாலேயே காற்றும் போனது.

"வெர்ன்! நான் சொல்றதுக்கு முன்னாடி விட்டுட்டியா?"

மேலே இருக்கை கிறீச்சிட்டது.

"வெர்ன்?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "பூட்ஸு வழுக்கிடுச்சு" என்றான்.

மார்லிஸ் திருகை மூடினாள். அட்டையில் படுத்தபடி காத்திருந்தாள். அடுப்பில் விறகு ஒன்று சரிந்தது. ஜோலீன் எண்ணெய் டப்பாவின் மூடியைத் திறந்து, ஒன்றும் ஊற்றாமல் மூடினாள்.

"சரி" என்றாள் மார்லிஸ். "மிதி."

கடைசிச் சக்கரத்துக்கு வந்தபோது வாளி அங்கேயே கவிழ்ந்து கிடந்தது. யாரும் நகர்த்தியிருக்கவில்லை. அவள் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் படுத்தாள்.

எல்லாம் முடிந்ததும் எழுந்து போய், "இறங்கு" என்று வெர்னானை இறக்கிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தாள். மிதித்தாள். கொஞ்சம் போய் நின்றது. காலை எடுத்தாள், காத்திருந்தாள், மிதித்தாள். அதே இடத்தில், கல்லை மிதித்ததுபோல் நின்றது. எஞ்சினை ஓடவிட்டும் பார்த்தாள். நின்றது.

"நான் பாக்கட்டுமா?" என்றான் வெர்னான்.

"நீ போய்ச் சக்கரத்த மாட்டு. நட்ட குறுக்க குறுக்க முறுக்கு. வட்டமா முறுக்காத."

"அதெல்லாம் எனக்குத் தெரியும் அண்ணி."

"உனக்குத் தெரிஞ்சதெல்லாம் இன்னிக்குப் பாத்துட்டேன்."

ஆர்ட்டைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள். தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கார்க் கண்ணாடியை இறக்கி மார்லிஸைப் பார்த்தான். எண்ணெய் பட்ட முகம், ஓவராலுக்குக் கீழே தொங்கும் கறுப்பு கவுன் விளிம்பு.

"மார்லிஸ், உன்ன நம்பி ஏறலாமா?"

"என்ன நம்பாத. குழாய் அவன் போட்டது."

ஆர்ட் தலையாட்டினான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

ஜோலீன் மெதுவாகப் பின்னால் எடுத்துத் தெருவில் திருப்பினாள். வாசலிலேயே ஒருமுறை பிரேக் போட்டுப் பார்த்தாள், பிறகு சரிவில் இறங்கினாள். வெர்னான் பின்னாலேயே நடக்கப் போனான். நாலு அடி வைத்துவிட்டு நின்றான். சன்னல்களில் சாப்பாட்டுத் தட்டோடு சில முகங்கள் தெரிந்தன.

மார்லிஸ் வாசலோரத்துப் பனி மேட்டின்மேல் ஏறி நின்றாள். தெருவின் இரண்டு பக்கமும் தள்ளிக் குவித்த பனி ஆளுயரத்துக்கு இருந்தது. கார் அதன் நடுவே சின்னதாகிக்கொண்டே போனது. கீழே நெடுஞ்சாலையில் இடதுபுறமிருந்து மர லாரி ஒன்று வேகம் குறையாமல் வந்துகொண்டிருந்தது.

பின்பக்கச் சிவப்பு விளக்கு இரண்டும் எரிந்தன. கார் பலகைக்கு முன்னால் நின்றது. லாரி குறுக்கே போனது. அது கிளப்பிவிட்ட பனித்தூள் அடங்கும்வரை கார் அங்கேயே நின்றுவிட்டு, வலப்பக்க விளக்கைப் போட்டுத் திரும்பிப் போனது.

"அண்ணி, உள்ள வாங்க. காபி ஆறிடும்" என்றான் வெர்னான்.

அவள் நகரப் பார்த்தாள். இடது கால் பனியின் மேலேயே இருந்தது. பிரேக்கை மிதித்துப் பழகிய வலது கால் முழங்கால்வரை உள்ளே போயிருந்தது.