கஜலட்சுமி நிலையும் சைக்கிள் ஸ்டாண்டும்

ஓர் இனத்தின் உயர்வு அதன் எழுத்தில் இருக்கிறது. எழுத்தின் உயர்வோ அது எழுதப்படும் இடத்தில் இருக்கிறது. காரைக்குடிக் கல்லூரி ஒன்றின் தமிழ்த்துறைத் தலைவர் பேராசிரியர் பூமிநாதன், 1971 ஆடி மாதத்தில் எழுதிய பதினோரு பக்கத் திட்டம் இப்படித்தான் தொடங்கியது. திட்டத்துக்கு உரிய இடம், விலங்கியல் துறைக்காரர்கள் தவளை ஜாடிகளை அடைத்து வைத்திருந்த சாமான் அறை. ஜாடிகளை எடுத்த பிறகும் ஃபார்மலின் வாடை போகவில்லை. அதைத் திட்டத்தில் அவர் சேர்க்கவில்லை.

விஷயம் இதுதான். பிள்ளைகளுக்கு ஒரு லீவு லெட்டர்கூட ஒழுங்காக எழுத வரவில்லை என்று பல்கலைக்கழகம் கவலைப்பட்டு, எழுத்துப் பயிற்சி மையம் ஒன்றுக்கு நிதி அனுப்பியிருந்தது. மாணவர்கள் எழுதியதைக் கொண்டுவர வேண்டும். ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்த உதவ வேண்டும். அறையை வடிவமைக்கும் பொறுப்பு பூமிநாதனுக்கு வந்தது. மையத்துக்கு ஓர் இயக்குநரும் உண்டு, யார் என்று பிறகு பார்க்கலாம் என்றார் கல்லூரி முதல்வர். பூமிநாதன் அன்று மாலையே தம் வீட்டு வாசல் பலகையில் 'இயக்குநர்' என்ற சொல்லுக்கு இடம் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தார். இருந்தது.

அறை தயாராகும்வரை பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள ஆங்கில டியூட்டர் மெய்யநாதனுக்கு உத்தரவானது. மானகிரி விவசாயி வீட்டுப் பையன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். காலில் டயர் செருப்பு. சைக்கிள் ஸ்டாண்டில் வாட்ச்மேன் சாய்கிற பெஞ்சை வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். அவனுடைய வடிவமைப்பு அத்தோடு முடிந்தது.

பூமிநாதன் ஊர் ஊராக அலைந்தார். பெரிய வீடுகளைப் பிரித்து விற்கத் தொடங்கியிருந்த காலம் அது. அப்படி ஒரு வீட்டின் தேக்கு வாசல் நிலையைப் பார்த்து மயங்கி நின்றார். நெற்றியில் கஜலட்சுமி, இரு பக்கமும் யானை, யானைக்குக் கீழே கிளி. உயரம்தான் குறைவு. 'குனிந்து நுழையாதவனுக்கு எழுத்து வராது' என்று ஏழாம் பக்கத்தில் ஒரு வரி சேர்த்ததும் அந்தக் குறையும் நிறையாகிவிட்டது. நிதியில் முக்கால் பங்கை நிலை விழுங்கியது. மிச்சத்தில் தரைக்கு ஆத்தங்குடிப் பூக்கல் பதித்து, ஓரடி உயரத்துக்கு மேடை கட்டி, மேடைமேல் தமக்கு ஒரு நாற்காலி போட்டார். மாணவருக்கு ஆறடி தள்ளி ஒரு முக்காலி. காகிதத்தைக் கொடுக்க ஒரு தரம் எழுந்து வரவேண்டும், வாங்கிக்கொள்ள இன்னொரு தரம்.

கார்த்திகையில் திறப்பு விழா நடந்தது. மறுநாள் காலையில் பெருக்க வந்த ராக்காயி, நிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, வாசலில் கோலமும் போட்டுவிட்டுப் போனாள். பூமிநாதன் மேடையேறிக் காத்திருந்தார். பத்து மணிக்கு ஒரு மாணவி வந்தாள். செருப்பைக் கழற்றினாள். நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உள்ளே எட்டிப் பார்த்து, அவருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். கூப்பிட்டு விசாரித்தார். இன்று பரீட்சை, சாமி கும்பிட வந்தேன் என்றாள். கட்டுரை எதுவும் இல்லையா என்று கேட்டார். இருந்ததாம், அதை நேற்றே மெய்யநாதன் சாரிடம் காட்டிவிட்டாளாம்.

அந்த வாரம் வந்தவர்கள் எல்லாரும் இதே ரகம். பேனாவைப் படியில் வைத்து எடுத்துப் போனார்கள். ஒருத்தி சூடம் ஏற்றினாள். அதில் ஃபார்மலின் வாடை கொஞ்சம் அடங்கியது.

பதினோரு பக்கத்திலும் அவர் யோசிக்காமல் விட்டது ஜன்னல். அது நேரே சைக்கிள் ஸ்டாண்டைப் பார்த்து இருந்தது. அங்கே மெய்யநாதனும் ஒரு பையனும் ஒரே பெஞ்சில், ஒரே பக்கம் பார்த்து, காகிதத்தை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுநடுவே சிரித்தார்கள். எழுத்தில் சிரிக்க என்ன இருக்கிறது? ஒரு பீரியடில் ஒன்பது பேர் என்று எண்ணினார். எண்ணக்கூடாது என்று திரும்பி உட்கார்ந்தார். முதுகால் எண்ணினார்.

கல்லூரிச் சாமான் வெயிலில் காய்கிறது என்று முதல்வரிடம் போய்ச் சொன்னதில், பெஞ்சு மையத்துக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மெய்யநாதன் வேப்பமர வேரில் உட்கார்ந்திருந்தான், பையன்கள் தரையில். பெஞ்சில் மூன்று பேருக்கு மேல் இடம் கிடையாது. தரையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

வீட்டில் சோறு போடும்போது அவர் மனைவி வீரலட்சுமி பேச்சை எடுத்தாள்.

"அரியக்குடிக் கோயில்ல மூணு பேரு கேட்டாக. ஒங்க காலேசுல லட்சுமி கோயில் கட்டியிருக்காகளாமே, வெள்ளிக்கிழமை பொம்பளைக வரலாமான்னு."

"நீ என்ன சொன்ன?"

"பூசாரிகிட்ட கேட்டுச் சொல்றேன்னேன்."

ரசத்தில் உப்பில்லை என்று அவர் சண்டை போட்டார். உப்பு இருந்தது.

தை மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. மையத்தின் இட அமைப்பு மாணவருக்கு எப்படி உதவுகிறது என்று ஆங்கிலத்தில் அறிக்கை வேண்டும்; வெள்ளிக்கிழமைக்குள் இயக்குநர் கையெழுத்தோடு போகவேண்டும். முதல்வர் பூமிநாதனைக் கூப்பிட்டார்.

"எழுதுறவுக பேரையே டைரக்டர்னு போட்டு அனுப்பிருவோம். நீங்க எழுதுறீகளா, இல்ல மெய்யநாதனை..."

"நானே எழுதுறேன்" என்று பூமிநாதன் பாதியிலேயே சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் எழுதினார். 'உயர்வு' என்பதற்கு அகராதியில் ஏழு ஆங்கிலச் சொற்கள் கிடைத்தன. ஒன்றும் வருத்தப்படாதபடி ஏழையும் ஒரே வாக்கியத்தில் போட்டார். நாலாவது வரியில் வினைச்சொல்லைக் காணோம். இல்லை என்பது தெரிந்தது. எங்கே வைப்பது என்பது தெரியவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போயிருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, காகிதத்தை அங்கவஸ்திரத்துக்குள் மறைத்துக்கொண்டு வேப்பமரத்துக்கு வந்தார். அங்கே நாலு பையன்கள் இருந்தார்கள். மெய்யநாதன் எழுந்து நின்றான்.

"வாங்கய்யா. இங்குட்டு வேர்ல உக்காருங்க, வேட்டியில மண்ணு ஒட்டாது."

பையன்கள் தங்கள் முறையை விட்டுக் கொடுத்தார்கள். அவன் ஒரு நோட்டை நீட்டினான். வருகிறவர்கள் தம் பெயரையும் எழுத வந்தது என்ன என்பதையும் அவர்களே குறிப்பது வழக்கமாம். அவரும் குறித்தார்.

மெய்யநாதன் சிவப்பு மையை எடுக்கவில்லை. முழுவதையும் நிதானமாகப் படித்தான்.

"நிலையைப் பத்தி ரெண்டு பக்கம் சொல்லியிருக்கீகய்யா. எழுத வர்ற பய எங்கன வச்சு எழுதுவான்?"

பூமிநாதன் மனத்துக்குள் அறையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். அந்த அறையில் மாணவர் எழுத மேசை கிடையாது.

"பெஞ்சு கெடக்குல்ல" என்றார்.

"அது எங்க பெஞ்சுங்கய்யா."

பையன்கள் தரையைப் பார்த்தார்கள். மெய்யநாதன் காகிதத்தின் முதல் பக்கத்துக்குத் திரும்பினான். நீங்கள் சொல்ல வந்ததைத் தமிழில் சொல்லுங்கள் என்றான், சொன்னார். அதில் எது முக்கியம் என்றான், யோசித்துச் சொன்னார். அரை மணி நேரத்தில் ஏழு உயர்வும் ஒன்றாகச் சுருங்கியது, வினைச்சொல் தன் இடத்துக்கு வந்தது, வாக்கியம் நிமிர்ந்து நின்றது. அவருக்கே தெரியாமல் பூமிநாதன் சிரித்துவிட்டார். இதற்குத்தானா இந்தப் பயல்கள் சிரித்தார்கள் என்று அப்போது புரிந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. நன்றி சொல்லாமல் எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை அறிக்கை போயிற்று. இயக்குநர் என்ற இடத்தில் பூமிநாதனின் கையெழுத்து. வீட்டுப் பலகையில் புதுச் சொல் ஏறியது. சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் பார்த்து இருந்த ஜன்னலையும் செங்கல் வைத்து அடைத்தாயிற்று.

மையத்தால் பயன்பெற்றவர்களின் பட்டியலையும் இணைக்கவேண்டும் என்று கடிதத்தின் கடைசி வரியில் இருந்ததால், முதல்வர் மெய்யநாதனின் நோட்டை வாங்கி, கிளார்க்கை விட்டு அப்படியே டைப் அடித்துச் சேர்த்து அனுப்பியிருந்தார். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பெயர்கள். கடைசிப் பெயர் இயக்குநருடையது.