இரண்டாம் வகுப்பில் பதினோரு மீசைகள்

சுரங்கத்தை மூடிப் பத்தொன்பது வருஷம் ஆன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, தொடக்கப் பள்ளியின் இரண்டாம் வகுப்புத் தரையைக் கடப்பாறையால் பெயர்த்துக்கொண்டு பதினோரு தொழிலாளர்கள் மேலே வந்தார்கள். கம்பெனி கட்டிக்கொடுத்த பள்ளி அது. சுரங்கம் ஓடிய காலத்தில் நானூறு பிள்ளைகள் படித்தார்கள். மதியத்துக்குள் கரித்தூசியில் சாக்பீஸ் கறுத்துவிடும். பிறகு ஒருநாள் கூரை சரிந்து பதினோரு பேர் உள்ளே மாட்டிக்கொள்ள, கம்பெனி மூன்று நாள் யோசித்துவிட்டு அவர்கள் இறந்துவிட்டதாக அறிவித்தது. சுரங்க வாயில் கான்கிரீட்டைக் கொட்டி மூடிவிட்டு, மேனேஜரின் நாய் உட்பட எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. பள்ளியை மட்டும் ஏற்ற முடியவில்லை.

மிஞ்சியது ஒன்பது பிள்ளைகளும் பெரிய டீச்சரும். சின்ன டீச்சர் என்று யாரும் கிடையாது. இருபது பேர் இல்லாவிட்டால் பள்ளியை மூடிவிடுவதாகக் கல்வி அலுவலகம் எழுதிய கடிதம் அவர் மேசையில் கிடந்தது. செத்ததாகச் சொன்ன பதினோரு பேரில் ஒருவன் அவருடைய புருஷன். அவனுக்கு ஈடாகக் கொடுத்ததுதான் இந்த வேலை.

மேலே வந்தவர்களுக்கு ஒரு நாள்கூட வயது ஏறியிருக்கவில்லை. கீழே ஒரே ஒரு ஷிப்டுதான் ஆகியிருந்தது. லிஃப்ட் வரவில்லை, பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்ட பக்கமாக வெட்டிக்கொண்டு வந்தோம் என்றார்கள். முதலில் தலையை நீட்டியவன், நாற்பத்தைந்து வயதில் நரைத்துக் கண்ணாடி போட்டிருந்த பெரிய டீச்சரைப் பார்த்து, "ஏம்மா, மேனேஜர் ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டான்.

"மேனேஜரும் இல்ல, ரூமும் இல்ல. பூட்ஸைக் கழட்டிட்டு ஏறுங்க. இப்பதான் பெருக்கினேன்."

அந்தக் குரலை வைத்துத்தான் அவன் தன் பெண்டாட்டியைக் கண்டுபிடித்தான். குழியில் இடுப்பளவு நின்றபடியே வெகுநேரம் பார்த்தான்.

"எனக்கு நரைச்சுப்போச்சு," என்றார் டீச்சர், ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி.

"இருட்டுலேர்ந்து வந்தவன் கண்ணுக்கு எல்லாமே வெள்ளையாத்தான் தெரியுது. ஆனா இன்னிக்குச் சாப்பாட்டுல உப்பு போட மறந்துட்ட."

பிள்ளைகள் முன்னால் அழக்கூடாது என்பதால் பெரிய டீச்சர் அவர்களை விளையாட விட்டார்.

அடுத்த நான்கு மாதம் பதினோரு பேரும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். இறப்புச் சான்றிதழை ரத்து செய்ய வாரிசுகள்தான் மனு கொடுக்க வேண்டும் என்றார்கள். வாரிசுகள் கொடுத்தபோது, செத்தவர் இருக்கும்போது வாரிசுக்கு என்ன வேலை என்றார்கள். கடைசியில் பெரிய டீச்சர் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தூசி தட்டிப் புரட்டினார். பதினோரு பேரும் இரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்காமலே ஓடியதால் யார் பெயரையும் அடிக்கவில்லை. உலகத்தில் அவர்கள் உயிரோடிருந்த ஒரே தாள் அதுதான். நீண்ட நாள் வராதிருந்த மாணவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்று அலுவலகத்துக்கு எழுதிப்போட்டார்.

நேரில் பார்க்க அதிகாரி வந்தார். முழங்கால் முகவாயில் இடிக்கச் சின்னப் பெஞ்சில் குந்தியிருந்தவர்களை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"இவர் மீசை வச்சிருக்காரே."

"மீசை வைக்கக் கூடாதுன்னு விதி இல்லைங்க சார். தேடிப் பார்த்துட்டேன்."

ஒன்பதும் பதினொன்றும் இருபது. அதிகாரி கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் இருபது அரைக்கால் சட்டைகளும் பூச்சி மாத்திரைகளும் வந்தன. வகுப்பில் வாய் தவறி "ஏய் கண்ணு" என்று கூப்பிட்டதற்காகப் பெரிய டீச்சர் புருஷனைப் பெஞ்சின் மேல் நிற்கவைத்தார். வீட்டில் அவர் காய் நறுக்க, அவன் எதிரே சம்மணமிட்டு வீட்டுப்பாடம் எழுதினான். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பேசியதில்லை என்று டீச்சருக்குப் பட்டது.

பதினோரு பேரில் சுரங்கத்து லிஃப்ட் ஓட்டியவர் கெட்டிக்காரர். இரண்டு வகுப்பை ஒரே வருஷத்தில் தாண்டி, மற்றவர்களுக்கு முன்பே ஐந்தாம் வகுப்பில் தேறினார். அவர் பெயரை அடித்து, மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து, எல்லோரும் கைதட்டினார்கள். வாசற்படியைத் தாண்டியவர் தாண்டியபடியே இல்லாமல் போனார். சான்றிதழ் மட்டும் படியில் கிடந்தது.

மறுவருஷம் மிச்சப் பத்துப் பேருக்கும் ஐந்தாம் வகுப்புப் பரீட்சை வந்தது. தெரிந்தவனைத் தோற்கடிப்பது தன் கையால் நடக்காது என்று காலமெல்லாம் சொல்லிவந்தவர் பெரிய டீச்சர். முதல் நாள் சாயங்காலம் அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து, "ஏழெட்டு?" என்றார்.

"ஐம்பத்தாறு."

கை நின்றது. "நாளைக்கும் அதையேதான் எழுதுவீங்களா?"

"மறந்துபோனாலும் போகும் டீச்சர்," என்றான் அவன், வீட்டில் அப்படிக் கூப்பிடுவதில்லை என்றாலும்.

ஐம்பத்தைந்து என்று எழுதியிருந்தான். பத்துக் கணக்கையும் ஒவ்வொன்று குறைத்து எழுதியிருந்தான். மற்ற ஒன்பது பேரும் அதே விடைகளையே எழுதியிருந்தார்கள்; பார்த்து எழுதியது அப்பட்டமாகத் தெரிந்தது. பெரிய டீச்சர் தாள் கிழியும் அளவுக்கு அழுத்திச் சிவப்பில் பெருக்கல் குறி போட்டார். கணக்கில் அந்தப் பள்ளி வருஷா வருஷம் கடைசி இடம். ஏன் என்று விசாரித்த அதிகாரிகள், மந்த புத்தி என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

பெரிய டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது வருவது சைக்கிளில் வரும் இளம் வாத்தியார். மாலை நாலு மணிக்குப் பள்ளி வாசலில் மற்ற அம்மாக்களோடு பெரிய டீச்சரும் வந்து நிற்கிறார். மணி அடித்ததும் அரைக்கால் சட்டையோடு அவன் வெளியே வருகிறான். மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது. "இன்னிக்கு என்ன பாடம்?" என்று கேட்டுக்கொண்டே அவர் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொள்கிறார்.